டீ என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும்

1

ஞாயிறு காலை, அடுப்பில் இட்லி வேகும் நேரத்தில், வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைத் தண்ணீரில் மூழ்கடிப்பது என் வழக்கம். கிளாஸ்கோவில் என் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறேன். சென்னையில் அப்போது பிற்பகல். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று பேர் மூன்று இடங்களிலிருந்து என் திரைக்குள் வருவார்கள். நான் மழையைக் கொட்ட வைப்பேன், கரண்ட்டை நிறுத்துவேன், கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஏதோ மூச்சு விடுகிறது என்பேன். அவர்கள் பயப்படுவார்கள். வாரம் முழுக்க ஓர் அலுவலகத்தில் யார் யாருடைய புகார்களையோ கேட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு இது பெரிய சந்தோஷம்.

இது ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டியது. நாங்கள் கடல் கடந்து இருப்பதால் வீடியோவில் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். "கதவு லேசாத் திறந்திருக்கு, என்ன பண்றே?" என்று நான் கேட்பேன். "உள்ளே போறேன்" என்று ஒருவர் சொன்னால் பகடை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து அவர் உள்ளே போவாரா, பின்னங்கால் பிடரியில் பட ஓடுவாரா என்பது முடிவாகும். கதை எப்படிப் போகும் என்று நடத்துகிறவளுக்கே முழுதாகத் தெரியாது. இங்கே நூலகத்தில் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஊரில் இருந்த பழைய சிநேகிதர்களுக்கும் அதைத் தொற்ற வைத்தேன்.

பேய்க் கதை ஆடுகிறவர்கள் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்கள். யாருக்காவது தாங்க முடியாமல் போனால் சொல்வதற்கு ஒரு சொல். அதைச் சொன்னவுடன் கதை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அப்போதும் கூடாது, பிறகும் கூடாது. எங்கள் சொல் 'டீ'. பழைய வேலையில் தலை வெடிக்கும்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் சொன்ன சொல் அது. இத்தனை வருஷத்தில் யாருமே அதைச் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் குறைகூட இருந்தது. நம் பேய்க்கு அவ்வளவு சக்தி போதவில்லையோ என்று.

இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் இங்கே எப்படிக் குப்பை கொட்டினேனோ தெரியவில்லை.

2

பெருங்குடியில் ஒரு கால் சென்டர். அங்கேதான் எங்கள் கூட்டம் சேர்ந்தது. நான் ஆதம்பாக்கம், வித்யா மயிலாப்பூர், பஷீர் ராயப்பேட்டை. அமெரிக்காவில் யார் வீட்டிலோ துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோனால் எங்களுக்கு மணி அடிக்கும். போனில் நான் ஜேன், வித்யா வெண்டி, பஷீர் பிரையன். கம்பெனியே வைத்த பெயர்கள். வேறொரு ஆளாக நடித்துப் பேசுவதற்கு அப்போதே எங்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அதில் பஷீர் ராஜா. "உன் மேலதிகாரியைக் கூப்பிடு" என்று கத்துகிற வாடிக்கையாளர்களை எல்லோரும் அவனிடம்தான் தள்ளிவிடுவோம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். பிறகு அடித்தொண்டையிலிருந்து கனமான வேறொரு ஆளாக வந்து மன்னிப்புக் கேட்பான். அதற்கும் அடங்காமல் கத்தினால், காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த மேலதிகாரிக்கும் மேலதிகாரியாக வருவான். அந்தப் பெரிய அதிகாரிக்கு லேசாக மூக்கடைப்பு வேறு இருக்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கத்தின அமெரிக்கர் கடைசியில் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்.

எங்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வேனை ஓட்டியவர் டில்லி அண்ணன். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் பிறந்து வளர்ந்தவர். பிற்பாடு அந்தக் குடிசைகளைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே மாடி வீடுகளுக்கு அனுப்பியபோது அவர் குடும்பமும் போனது. விடிகிற நேரத்தில் குப்பைக் கிடங்கைத் தாண்டி வரும்போது தூக்கம் வராமல் இருக்க அவர் பேய்க் கதை சொல்வார். யாரை எங்கே இறக்க வேண்டும் என்பது என் பொறுப்பு. முன் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் இறங்கியதும் "ரைட்" என்பேன். அப்படித்தான் எனக்குக் கண்டக்டர் என்று பெயர் வந்தது. ஜெயந்தி என்ற பெயர் என் பாஸ்போர்ட்டில் மட்டும் இருக்கிறது.

"கண்டக்டரம்மா, நீ ரைட் சொன்னாத்தான் பேயே எறங்குது" என்பார் டில்லி.

இப்போது அவர் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறார். வித்யா வங்கியில் இருக்கிறாள், வீடு மந்தைவெளி. பஷீர் தி. நகரில் வாப்பாவின் பட்டன், லேஸ், ஜிப் கடையைப் பார்த்துக்கொள்கிறான். தெருவில் போகிற கூட்டத்தைக் கடைக்குள் இழுப்பதற்கு அந்தக் குரல்தான் மூலதனம். பல முகம் உள்ள பகடைகளை இங்கிருந்து மூவருக்கும் பார்சலில் அனுப்பினேன். டில்லி தன்னுடையதை நூலில் கட்டி டாக்சிக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டார். "உருட்டினா சீட்டுக்கு அடியில பூடுதும்மா. மாட்டி வெச்சா சோக்கா கீது" என்றார். அவருக்காக நான்தான் இங்கிருந்து உருட்டுகிறேன்.

3

வேளச்சேரிக் கதையில் பஷீர் எடுத்துக்கொண்ட பாத்திரம் வாட்ச்மேன் மாணிக்கம். மழைவெள்ளத்தில் முதல் மாடிவரை தண்ணீர் நிற்கிறது, குடியிருப்பவர்கள் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், மாணிக்கம் மட்டும் படிக்கட்டில் காவல் இருக்கிறான். வித்யா மூன்றாவது மாடி டீச்சர். டில்லி, பால் போட வந்து மாட்டிக்கொண்டவர். டீச்சர் எப்போது இறங்கி வந்தாலும் மாணிக்கம் ஒரே வரியைச் சொல்வான்: "லிஃப்ட் வேல செய்யல மேடம். படில போங்க, மேல போங்க." அதைச் சொல்லும் விதத்திலேயே, கீழே ஏதோ இருப்பது அவனுக்குத் தெரியும் என்று நமக்குப் புரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு பஷீர் கரகரத்த குரலில் வந்தான். "நேத்து கீழ எறங்கி அந்தத் தண்ணிய முழுங்கிட்டேன் மேடம். தொண்டை கட்டிக்கிச்சு" என்றான், மாணிக்கமாகவே. நான் கைதட்டாத குறை. நடத்துகிறவளைக் கேட்காமலே கதைக்குள் ஒரு வியாதியைக் கொண்டுவந்துவிட்டான். அதற்கு அடுத்த வாரம் குரல் இன்னும் தேய்ந்திருந்தது. வீடியோவையும் அணைத்துவிட்டான். "வாட்ச்மேன் மூஞ்சி தெரியக் கூடாது கண்டக்டர். இருட்டுல சத்தம் மட்டும் வரட்டும்." பிரமாதம் என்றேன். ஒவ்வொரு வாரமும் அந்தக் குரலுக்கென்று அவனுக்குப் பகடை எண்ணோடு கூட்டிக்கொள்ளத் தைரியப் புள்ளி கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் இழுடா, அந்த 'மேல போங்க'வை இழு" என்று கேட்டு வாங்கினேன். இழுத்தான்.

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. நான் பேய்க் கதை ஓட்டும் நேரத்தில்தான் அவள் எழுந்து வந்து, எதிரில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்பாள். சாப்பிடு, தூங்கு, வா, போ ஆகிய நான்கையும் தாண்டி அவளுக்குத் தமிழ் இல்லை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். நீச்சல் வகுப்பு அதே நேரத்தில் வந்தது, நீச்சல் ஜெயித்தது. கேட்டால் எனக்கே பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் ரொட்டியை வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னாள்: "அம்மா, அந்த அங்கிள் ஆக்ட் பண்ணல."

"உனக்கு அவன் பேசறது ஒரு வார்த்தை புரியாது. நடிப்பைப் பத்தி நீ சொல்ல வந்துட்டியா?"

"வார்த்தை புரியாது. வாய்ஸ் கேக்குது." தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் என் மூளையில் பெரிய யோசனை உதித்தது. கீழே இருப்பது என்ன என்பதை அன்றுவரை நானும் முடிவு செய்யவில்லை. பஷீரின் குரலைக் கேட்கக் கேட்க அது தானாகவே வந்தது. அடுத்த ஞாயிறு விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "மாணிக்கம், அது உன்னை ஏன் விட்டு வெச்சிருக்குன்னு இப்போ உனக்குப் புரியுது. அது முதல்ல குரலை எடுக்கும். அப்புறம்தான் ஆளை எடுக்கும்."

வித்யாவின் படம் சட்டென்று இருண்டது. டில்லி கண்ணாடியில் தொங்கும் பகடையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, ஆஹா, இன்றைக்கு மூன்று பேரையும் உறைய வைத்துவிட்டோம் என்று பூரித்துப்போனேன்.

"சூப்பர் கண்டக்டர்" என்றது கரகரப்பான குரல்.

4

அதற்கடுத்த ஞாயிறு பஷீர் வரவில்லை. "அவாத்துல யாருக்கோ நிக்காஹ், போயிருக்கான்" என்றாள் வித்யா. சரி என்றேன். டில்லி டாக்சியை எங்கேயோ ஓரம் கட்டி, போனை முன்னால் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கதையைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தோம்.

டாக்சியின் பின் கதவு திறந்தது. பஷீரின் மனைவி நஸ்ரீன் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஸ்கேன் படங்கள் வைக்கிற அந்தப் பெரிய உறை. நம்மூரில் அதை யார் கையில் பார்த்தாலும் ஒன்றும் கேட்காமல் வழி விடுவோமே, அந்த உறை.

"டில்லிண்ணா, டாக்டர் பாத்துட்டாரு. குரல்வளைய எடுத்துத்தான் ஆவணுமாம். இவரு கையெழுத்துப் போட்டுட்டு வர்றாரு" என்றாள். போனில் நாங்கள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

டில்லியின் கை போனை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை.

"கண்டக்டரம்மா..."

"யாருக்கு?" என்றேன். கேட்கிறபோதே தெரிந்துவிட்டது. எதிரில் இனியா ரொட்டியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"வித்யா, உனக்குத் தெரியுமா?"

படம் இல்லாத கறுப்புச் சதுரத்திலிருந்து வித்யா அழுகிற சத்தம் வந்தது. "தெரியும்டி. ஆஸ்பத்திரில தொண்டைக்குக் கரண்ட் வெச்சுண்டிருந்தப்பலேருந்தே தெரியும். சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டுட்டான். நீ பாட்டுக்கு குரல எடுக்கும், ஆள எடுக்கும்னு சொல்லிண்டே போறே... நான் என்ன பண்ணுவேன், கேமராவ அணைச்சுட்டேன்."

நான் மடிக்கணினியை மூடினேன். இட்லி தீய்ந்த வாசனை வந்தது. இனியா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

5

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரில் யாருக்கும் காய்ச்சல்கூட வருவதில்லை. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது, அவர் வீடு திரும்பி இட்லி சாப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். "அங்க உக்காந்துகிட்டு நீ என்ன பண்ணப்போற?" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எனக்கு வேலை போன வருஷம் முழுக்க, 'ஆபீசில் வேலை ஜாஸ்தி' என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் நல்ல செய்திகளை மட்டும் அனுப்பிக்கொள்கிறோம். கடைசியில் ஒரு நாள் இப்படி முகத்தில் அறைகிறது.

பஷீருக்குப் போன் செய்தேன். எடுத்தான்.

"இன்னா கண்டக்டர், டில்லிண்ணன் மாட்டிக்கினாரா?" அதே மாணிக்கத்தின் குரல். இத்தனை மாதமாக நான் தைரியப் புள்ளி கொடுத்த குரல்.

"எப்பலேர்ந்துடா?"

"நீ வேளச்சேரில தண்ணி உடறதுக்கு முன்னாடியே. கடைல கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். டாக்டர் வேற பேர் சொல்ட்டாரு."

"எனக்கு மட்டும் ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அழுதுட்டு அடுத்த வாரம் உன் பேய்க்குப் பல்லப் புடுங்கிடுவ." மூச்சு வாங்கிக்கொண்டான். "என்னப் பாத்துப் பாத்துப் பேசறதுக்கு வீட்ல நாலு பேர் இருக்காங்க கண்டக்டர். இருமினா ஃபேன நிறுத்தறாங்க. எழுந்தா கையப் புடிக்கறாங்க. வாரத்துல ஒரு நாள் ஒருத்தி என்ன நல்லா பயமுறுத்தினா. அப்ப மட்டும் நான் சீக்காளி இல்ல, வாட்ச்மேன்."

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அன்னிக்கு, முதல்ல குரலை எடுக்கும்னு நான் சொன்னப்போ?"

"அன்னிக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"டீன்னு சொல்லியிருக்கலாமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு." ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரில டீன்னு சொன்னா எவன் நிறுத்துவான்? இங்க சொன்னா நிக்கும். நிக்கும்னு தெரிஞ்சதே போதும்னு உட்டுட்டேன்."

உடனே கிளம்பிவிட வேண்டும் என்று துடித்தேன். அலுவலகத்தில் விடுப்பு கேட்டால், நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். சிநேகிதன் என்றேன். சிநேகிதனுக்கு அவசர விடுப்பு கிடையாதாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை, அவ்வளவுதான். அடுத்த முறை, விடுப்பு கொடுக்கும் வேறோர் அம்மாளிடம் அண்ணன் என்று சொன்னேன். நம்மூரில் காய்கறிக்காரரைக்கூட அண்ணன் என்கிறோம், இவனைச் சொன்னால் என்ன? ஜெயந்திக்கும் பஷீருக்கும் ஒரே அம்மா இருக்க வாய்ப்பில்லை என்பது அந்த வெள்ளைக்கார அம்மாளுக்குத் தெரியவில்லை. வருத்தப்பட்டு, உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.

ஆனால் இனியாவும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கே ஆச்சரியம். இந்தியா என்றால் கொசு, உறவினர், கேள்வி என்று ஓடுகிறவள். அவளுக்குப் புதிய பாஸ்போர்ட் வந்திருந்ததால் இந்திய விசாவுக்குப் பதிலாக வைத்திருக்கும் ஓ.சி.ஐ. அட்டையில் விவரம் மாற்ற வேண்டியிருந்தது. இணையத்தில் ஏற்றிய புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த படத்தில் காது தெரிந்தது, பின்னணி வெள்ளையாக இல்லை. இப்படியே இழுத்ததில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் போய்ச் சேர முடியவில்லை. அவன் பேசுவதை நேரில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. ஒரு காது தெரியாததால் அது போயிற்று.

6

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஞாயிறு, ஆடியே தீர வேண்டும் என்று பஷீர் சொல்லிவிட்டான். கேமராவைப் போட்டிருந்தான். இளைத்த முகம், கழுத்தில் கைக்குட்டை. நான் நல்ல புத்தியோடு கதையில் மழையை நிறுத்தினேன். தண்ணீர் வடிகிறது என்றேன். தூரத்தில் மீட்புப் படகு வருகிறது என்றேன்.

"இன்னா கண்டக்டர்," என்றான், "பேயைக் கூப்ட்டு வெச்சு பஜ்ஜி குடுப்ப போல கீதே. ஒழுங்கா ஆடு."

டில்லி சிரித்தார். வித்யா சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. படகைக் கவிழ்த்தேன். தண்ணீரை இரண்டாவது மாடிக்கு ஏற்றினேன். டீச்சரும் பால்காரரும் மேலே ஏற, மாணிக்கம் படிக்கட்டுக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு கீழேயே நின்றான். அது அவன் எடுத்த முடிவு, பகடைகூடக் கேட்கவில்லை.

"அது உன் முன்னாடி வந்து நிக்குது" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "கடைசியா ஒரு தடவை பேசலாம். என்ன சொல்றே?"

பஷீர் தொண்டையைச் செருமினான். நிமிர்ந்து உட்கார்ந்தான். மாணிக்கத்தின் கரகரப்பு இருந்தது, ஆனால் மொழி பிரையனின் பழைய அமெரிக்க இங்கிலீஷ். அழைத்ததற்கு நன்றி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று பேயைப் பார்த்துப் பணிவாகக் கேட்டான்.

நாங்கள் நால்வரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அதுதான் நான் கேட்ட பஷீரின் கடைசிப் பேச்சு.

7

நாங்கள் சென்னையில் இறங்கியபோது அவன் வீடு திரும்பி, மெதுவாக எல்லாம் சாப்பிட ஆரம்பித்திருந்தான். மந்தைவெளியில் வித்யா வீட்டில் சேர்ந்தோம். முதல் முறையாக ஒரே மேசை, நல்ல வெயில் நேரம், மின்விசிறி உச்சத்தில். டில்லி டாக்சியிலிருந்து பகடையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார், நூலோடு. நஸ்ரீன் பஷீரைக் கைபிடித்து அழைத்துவந்தாள். அவன் கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி. அதன் அடியில் இருக்கும் துளை வழியாகத்தான் இனி மூச்சு. பிற்பாடு ஒரு சின்னக் கருவி வைத்துக் கொஞ்சம் பேசலாம், அதற்கு இன்னும் நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கி, பஸ்ஸில் விசில் ஊதுகிற மாதிரி செய்து காட்டினான். நான் உடைந்துபோனேன். அவன் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். யார் யாரைத் தேற்றுவது என்றே இல்லாமல் போயிற்று.

ஆட்டம் வேண்டுமா என்று வித்யா தயங்கினாள். பஷீர் மேசையைத் தட்டினான். செத்துப்போன மாணிக்கத்துக்கு இனி வேலை என்ன என்று கேட்டேன். போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் காட்டினான்: 'செத்தவனுக்கு டைஸ் தேவையில்ல. ஆரம்பி.'

இனியாவை ஓர் ஓரத்தில் உட்கார வைத்து ஆரம்பித்தேன். தண்ணீர் வடிந்துவிட்டது, டீச்சர் படிக்கட்டில் இறங்கி வருகிறாள், கடைசிப் படியில் யாரோ நிற்கிறார்கள். பஷீர் போனில் அடித்தான். அடித்ததைப் படிக்கிற ஒரு பெண் குரல் அந்தப் போனில் இருந்தது. அது தமிழைப் பாதி மென்று, பாதி துப்பியது.

"இன்னா நைனா," என்றார் டில்லி, "பேய் எந்த பிளாட்பாரத்துல வருதுன்னு ஸ்டேஷன்ல சொல்ற மாதிரியே கீது."

எல்லோரும் சிரித்தோம். பஷீரும் தோள் குலுங்கச் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. ஒரு காலத்தில் ஒரே வாயில் மூன்று மேலதிகாரிகளை வைத்திருந்தவன். ஆட்டம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம், விட்டுவிடலாம் என்று வாயெடுக்கப் போனேன்.

இனியா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள். "அங்கிள், நான் படிக்கட்டா?" என்றாள், அவளுடைய ஓட்டைத் தமிழில். ஆங்கில எழுத்தில் இருந்ததால் அவளால் படிக்க முடியும். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பஷீர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, போனை நகர்த்தினான். அவள் வரியை மனதுக்குள் படித்து உதட்டை அசைத்துப் பார்த்தாள். வித்யாவின் பக்கம் திரும்பினாள்.

"லிஃப்ட் வேல செய்யல மேடம்."

என் மகளின் வாயிலிருந்து மாணிக்கம் வந்தான். அதே கரகரப்பு, அதே மூச்சு, 'மேடம்' என்பதில் அதே தேய்வு. எத்தனை ஞாயிறு எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பாள். எங்களுக்கு வார்த்தைகள் புரிந்தன, அதனால் நாங்கள் கதையைக் கேட்டோம். அவளுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. அதை அப்படியே எடுத்து வைத்திருந்திருக்கிறாள். பஷீரிடமிருந்து அறுத்து எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த குரல், அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"படில வாங்க," என்று மிச்சத்தைப் படித்தாள். அந்த 'வாங்க'வை இழுத்தாள், நான் அவனிடம் கேட்டு வாங்குவேனே, அந்த இழுப்பு. "கீழ வாங்க."

வித்யாவின் கையிலிருந்த பகடை தரையில் விழுந்து உருண்டது. சமையலறை வாசலில் நின்ற நஸ்ரீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். டில்லி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பஷீர் அசையவில்லை. இனியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் அவ்வளவு பெரிதாகும் என்று எனக்குத் தெரியாது.

"டீ" என்றேன்.

நான்தான் சொன்னேன். கதையை நடத்துகிறவள், பேயைக் கொண்டுவந்தவள். இத்தனை வருஷத்தில் முதல் முறை. எல்லாம் அப்படியே நின்றது.

"நான் தப்பா படிச்சேனா?" என்றாள் இனியா, தன் சொந்தக் குரலில். "அம்மா, ஏன்?"

"கேக்கக் கூடாது கண்ணு" என்றார் டில்லி. அவர் குரலும் சரியாக இல்லை. "ரூல்ஸ் கீது."

வித்யா எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பஷீர் போனை எடுத்து நிதானமாக எதையோ அடித்தான், முடித்ததும் இனியாவின் முன்னால் வைத்தான். அவள் படித்தாள். அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, இந்த முறை என்னைப் பார்த்தாள். எந்தக் குரலில் என்று கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் பஷீரைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்த்து ஒரு விரலால் தன் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்குச் சக்கர தூக்கலா மேடம்" என்றான் மாணிக்கம், சமையலறைப் பக்கம் பார்த்து.

இந்த முறை நான் நிறுத்தச் சொல்லவில்லை.